வீதியும் விதியும்

விழா மலருக்கு யாதேனும் ஒரு கட்டுரை வரைந்து தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். பழைய மாணவர் எல்லோரும் எழுதுகின்ற விடுதிச் சோற்றையும் அதிபரின் பிரம்பையும் பற்றி எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதத் துணிந்தோம். விழாவை முன்னிட்டுத் தாயகம் வரவிருக்கும் அன்பர்கள் சிலர், தொறொன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் இலண்டனிலிருந்தும், கட்டாரிலிருந்தும்கூட, எமக்கு எழுதிய கடிதங்களே இதற்குக் காரணம். விழா முடிந்தபின் கல்முனைக் கரையையும் அறுகம்பையையும் காண விரும்புகின்றோம், கட்டுநாயக்காவில் இறங்கியதும் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டி வரலாமா, என்று அவர்கள் வினவுகின்றனர். காரைதீவில் நெடுங்காலமாக வசித்து வருபவராதலின் எம்மைக் கேட்கின்றனர் போலும். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே மறுமொழி எழுதிக் கை சோர்ந்தமையால், எல்லோர்க்குமாக இங்கே எழுதுகின்றோம்.

முதலிற் கூறவேண்டியது, விரும்பத்தகாத ஒன்று. அன்பர்களே, வண்டியோட்டும் விஷயத்தில் நீங்கள் பிறநாட்டார். காரைதீவிலோ கல்முனையிலோ மருதமுனையிலோ பிறந்தவராயினும், சிறுவயதில் இவ்வீதியிலே சைக்கிளிற் பாடசாலை சென்றவராயினும், சட்டம் அதனை நோக்குவதில்லை. உங்கள் கையிலுள்ள சாரதி அனுமதிப்பத்திரத்தை எந்நாட்டு அரசு வழங்கிற்று என்பதொன்றையே அது நோக்கும். இதனைக் கூறும்போது பலர் முகம் கோணுவதை யாம் கண்டிருக்கின்றோம். "என் ஊரில் நான் வண்டியோட்ட எவரிடம் அனுமதி கேட்பது?" என்று ஒருவர் எம்மிடமே கேட்டார். கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால் ஊர் உங்களுடையதாயிருக்கலாம். கைப்பழக்கம் உங்கள் ஊருடையதன்று.

பத்திரங்களைப் பற்றிய செய்தியைச் சுருக்கிச் சொல்லிவிடுகின்றோம். பிறநாட்டு மோட்டார்ச் சாரதிகள் தம் நாட்டு அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு வேற்று நாடுகளிலும் வண்டியோட்டுதற்கு வழிசெய்யும் சர்வதேச ஒப்பந்தம் 1949ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் ஏற்பட்டது. இலங்கை 1957இல் அதிற் சேர்ந்தது. 1968இல் வியன்னாவில் ஏற்பட்ட பிந்திய ஒப்பந்தம் வேறு. ஆகவே சர்வதேச அனுமதிப்பத்திரம் பெறச் செல்வோர், 1949ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படியான பத்திரமே வேண்டும் எனக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அது ஓராண்டுக்கே செல்லும். அதனைத் தனியே கையில் வைத்திருந்து பயனில்லை. உங்கள் நாட்டு மூலப்பத்திரத்தின் மொழிபெயர்ப்புப் போன்றது அது, மூலம் உடன் இருத்தல் வேண்டும். இவ்வளவில் வேலை முடிந்ததென்று எண்ணுவோரே மிகப்பலர். முடியவில்லை. சர்வதேசப் பத்திரம் இந்நாட்டில் தானாகவே செல்லாது. கொழும்பிலுள்ள ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒப் சிலோன் என்னும் பழைய மோட்டார்ச் சங்கத்திற் காட்டி, அதற்கு அங்கீகாரம் பெறுதல் வேண்டும். சர்வதேசப் பத்திரம் இல்லாதவர், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெறலாம். இதற்காக முன்னெல்லாம் வெரஹெரவுக்குச் சென்று வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே அதற்கெனக் கருமபீடம் ஒன்று திறக்கப்பட்டமை நல்லதொரு காரியம். கட்டணமும் நிபந்தனைகளும் மாறக்கூடியன. புறப்படுமுன் விசாரித்தறிதல் நன்று.

"எவரும் கேட்பதில்லை, ஐயா" என்று வாடகைக் கார் கொடுப்பவர்களிற் சிலர் சொல்வதுண்டு. உண்மைதான், எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய நாள் வரும்வரை எவரும் கேட்பதில்லை. அந்த நாளைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகின்றோம்.

இனி இடம் வலம் பற்றிய பேச்சு. நம் நாடு பிரித்தானியர் விட்டுச்சென்ற வழக்கப்படி வீதியின் இடப்பக்கத்தே செல்வது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் இவ்வாறு செல்வோரே. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான், அவுஸ்திரேலியா முதலிய நாடுகள் எல்லாம் நம் கட்சி. கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நோர்வே ஆகியன மறுகட்சி. எமது கரையோர ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சென்றுழைக்கும் சவூதி அரேபியாவும் கட்டாரும் குவைத்தும் அவ்வாறே. பஹ்ரேன் ஒருகாலத்தில் இடப்பக்கம் சென்று, 1967இல் வலத்துக்கு மாறியது. அதே ஆண்டில் சுவீடன் தேசம் மாறிய கதை மோட்டார் உலகிற் புகழ்பெற்றது. 1955இல் மக்களைக் கேட்டபோது நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் வேண்டாமென வாக்களித்தனர். ஆயினும் பாராளுமன்றம் 1963இல் மாற்றத்தை நிச்சயித்தது. 1967 செப்டெம்பர் 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர், வீதியில் நின்ற வண்டிகளெல்லாம் மெல்ல ஊர்ந்து மறுபுறம் சேர்ந்து, ஐந்து மணிக்குப் புறப்பட்டன. அதன்பின் நடந்ததே எமக்கு முக்கியமானது. எங்கும் விபத்து மலியும் என்று அஞ்சியிருக்க, விபத்துக்கள் குறைந்துபோயின. எல்லோரும் அஞ்சியஞ்சி ஓட்டியமையே காரணம். ஓரிரண்டு ஆண்டுகளில் அச்சம் தெளிந்தது. விபத்துக்களும் பழைய அளவுக்குத் திரும்பின. தென்கடலிலுள்ள சமோவாத் தீவு 2009இல், அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூஸீலாந்திலிருந்தும் மலிவான பழைய கார்களைத் தருவிக்கும் பொருட்டு, எதிர்மாறாக வலத்திலிருந்து இடத்துக்கு வந்தது. விலை மலிவுக்காக ஒரு தேசமே பக்கம் மாறிற்று என்பது சிரிப்புக்கு இடமாயினும், அவர்கள் எல்லோரும் ஒரே நாளில் மாறினர். நம் அன்பர்களோ ஒவ்வொருவராகத் தனித்து மாறவேண்டியவர்கள்.

அந்தத் தனிமையிலேதான் ஆபத்து இருக்கின்றது. கல்முனைக் கடைத்தெருவில், பஸ்ஸும் லொறியும் முச்சக்கர வண்டியும் நெருங்கி நகரும் பகல் வேளையில், எக்கனடாக்காரரும் வலப்பக்கம் செல்லமாட்டார். முன்னே ஒரு வண்டி, பின்னே ஒரு வண்டி. கூட்டமே இழுத்துச் செல்லும். புதிதாக வந்தவர் அங்கே வியர்த்து விறுவிறுத்து, "அப்பா, தப்பினேன்!" என்று பெருமூச்சு விடுவார். அஞ்சவேண்டிய இடம் அதுவன்று. ஒருவருமில்லாத வீதியே அஞ்சத்தக்கது. விடியற்காலை வீட்டு ஒழுங்கையிலிருந்து வெளியேறும் நேரம். எரிபொருள் நிலையத்திலிருந்து திரும்பவும் வீதிக்கு ஏறும் நேரம். தேநீர் குடித்துவிட்டு நண்பரோடு பேசிக்கொண்டே வண்டியை எடுக்கும் நேரம். அப்போது காட்டித்தர முன்னே வண்டி இல்லை. சிந்தை வேறெங்கோ இருக்கும். கை பத்துப் பதினைந்து ஆண்டாகப் பழகிய வழியை நாடிச் செல்லும்.

இவ்வாறு நேர்ந்த ஒன்றை யாம் அருகிருந்து அறிவோம். எமக்கு இரண்டு வகுப்பு இளையவர், கனடாவிற் குடியேறியவர். பெயர் வேண்டியதில்லை. தாயாரின் ஆண்டுத் திவசத்துக்காக ஓர் ஆவணி மாதம் காரைதீவுக்கு வந்திருந்தார். வாடகைக் கார் கையில் இருந்தது. நான்கு நாட்கள் பிழையின்றி ஓட்டினார். கண்டியிலிருந்து மலையிறங்கி வந்தவர் அவரே. ஐந்தாம் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஐயரை அழைத்துவரும் பொருட்டுக் கடற்பக்கத்து ஒழுங்கையிலிருந்து பெருந்தெருவுக்கு வந்து, கல்முனைப் பக்கமாக, அதாவது வலப்புறம் திரும்பினார். கனடாவில் வலப்புறம் திரும்புதல் கிட்டிய திருப்பம். வீதியோரமாகவே வளைந்து செல்லலாம். நம் நாட்டில் அது தூரத் திருப்பம். வீதியைக் குறுக்கே கடந்து அப்பாலுள்ள பாதியிற் சேருதல் வேண்டும். அவர் கை கிட்டிய திருப்பத்தையே எடுத்தது. வீதியில் ஈ காக்கை இல்லை. இருநூறு முழ தூரம் வலப்பக்கமாகவே சென்றிருப்பார். எதிரே சாய்ந்தமருதுப் பக்கமிருந்து, ரெஜிபோம் பெட்டியில் மீன் கட்டிய மோட்டார் சைக்கிளில், பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் தனக்குரிய பாதியில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தான்.

உயிர் போகவில்லை. வலக்கால் முழங்காலுக்குக் கீழே மூன்று இடங்களில் முறிந்தது. சத்திரசிகிச்சை நான்கு தடவை நடந்தது. மீன் வியாபாரம் செய்து தகப்பனுக்கு உதவிவந்த பிள்ளை ஓராண்டு வீட்டிற் படுத்தான்.

எவரும் கேட்பதில்லை என்று யாம் மேலே சொன்ன அந்தப் பத்திரத்தை அன்று எல்லோரும் கேட்டார்கள். பொலிஸார் கேட்டார்கள், காப்புறுதிக் கம்பனியார் கேட்டார்கள், நீதிமன்றம் கேட்டது. ஒன்ராறியோ மாகாண அனுமதிப்பத்திரம் அவரிடம் இருந்தது. சர்வதேசப் பத்திரமும் இருந்தது. கொழும்பில் அரைநாள் செலவிட்டுப் பெற்றிருக்கவேண்டிய அங்கீகாரம் ஒன்றே இல்லை. செல்லுபடியான அனுமதியின்றி ஓட்டியவருக்காகத் தாம் பொறுப்பேற்க இயலாதெனக் காப்புறுதிக் கம்பனியார் மறுத்துவிட்டனர். அவர்களைக் குறைகூற யாம் முன்வரோம். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது, சிறிய எழுத்திலாயினும். கடவுச்சீட்டு நீதிமன்றத்தில் இருந்தமையால் நண்பர் மூன்று மாதங்கள் ஊரைவிட்டு அசைய முடியவில்லை. கனடாவில் வேலை கைநழுவியது. கையிலிருந்த பணம் வைத்தியச் செலவுக்கும் வாடகைக் காரின் சேதத்துக்கும் போயிற்று. தாயாரின் திவசத்துக்கு வந்தவர் தாயாரின் தாலிக்கொடியை விற்றுச் சென்றார்.

இக்கரையோரத்து ஊர்களின் அமைப்பை அறியாதவர்க்கு ஒன்று சொல்லவேண்டும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. முஸ்லிம் ஊர் எங்கே முடிந்து தமிழூர் எங்கே தொடங்குகிறதென்பதை வீதியிற் செல்பவன் பள்ளிவாசலின் மினாராவையும் கோயிற் கோபுரத்தையும் கொண்டே அறியவேண்டும். பேசும் மொழி ஒன்று. உண்ணும் சோறு ஒரே வயலின் நெல். ஆயினும் கசப்பான காலங்களும் இருந்திருக்கின்றன. இவ்வூரார் காரால் அவ்வூர்ப் பிள்ளை அடிபட்டான் என்ற சொல் எத்திசையில் உருளும் என்று அஞ்சத்தக்க நாட்களும் இருந்திருக்கின்றன. ஆகவே அன்று மாலையே எமதூர்க் கோயில் நிர்வாகத்தார் நால்வரும் யாமும் சாய்ந்தமருதுக்குச் சென்றோம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் மூவர் இளைஞனின் வீட்டிலேயே எம்மை எதிர்கொண்டனர். பாயில் அமர்ந்து இஞ்சித் தேநீர் குடித்தபின்னரும் எவருக்கும் பேச நா எழவில்லை. இறுதியில் தகப்பனாரே பேசினார். கடலில் நாற்பது வருடம் தோணியோட்டியவர்.

"அவர் சரியாத்தான் ஓடியிருக்கார், தம்பி. அவர்ட ஊருச் சரியில ஓடியிருக்கார். என்ட மகன் இந்த ஊருச் சரியில வந்திருக்கான். ரெண்டு சரியும் முட்டிக்கிட்டிது."

யாம் கற்ற கல்வியில் இதனினும் தெளிவாக இவ்விஷயத்தை எவரும் எமக்குச் சொன்னதில்லை. வைத்தியச் செலவும் ஓராண்டுக்குரிய உழைப்பும் தந்தாற் போதுமென்றார். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டார். அவ்விளைஞன் இப்பொழுது சற்றே காலை இழுத்து நடப்பவனாயினும், கல்முனைச் சந்தைப் பக்கத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கின்றான்.

எதிர்ப்புறமாக நோக்கினால் எமது கரையின் பிள்ளைகள் பிறதேசத்திற் படும்பாடும் இதுவே. நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் சாரதித் தொழில் கற்ற இளைஞர் பலர் வீட்டுச் சாரதிகளாகச் சவூதி அரேபியா செல்கின்றனர். வதிவிட அனுமதியாகிய இகாமா பெற்று அங்கே தொழில் செய்வோர், அந்நாட்டு அனுமதிப்பத்திரமே பெறவேண்டும். நம் நாட்டுப் பத்திரம் துணை நில்லாது. வேகத்தைப் படம்பிடிக்கும் கருவிகள் அங்கு உறங்குவதில்லை. தண்டப்பணம் சாரதியின் பெயரிலேயே ஏறும். மரணம் விளைவித்தாலோ, இறந்தவரின் குடும்பத்துக்குத் தியா எனும் இழப்பீடு செலுத்தவேண்டிய பொறுப்பு வந்து சேரும். தகுந்த காப்புறுதி இல்லாதவர்க்கு அது தலைமுறைக் கடன். முதலாளி வண்டிக்குக் காப்புறுதி எடுத்திருக்கின்றாரா, தன் பெயர் அதில் அடங்குகின்றதா என்று முதல் நாளே கேட்டறிக என, எம்மிடம் விடைபெற வரும் இளைஞர்க்கெல்லாம் யாம் சொல்லுவோம். "முதலாளியிடம் எப்படிக் கேட்பது?" எனத் தயங்குவர். மரியாதையாகக் கேட்கலாம், ஆனால் கேட்டேயாக வேண்டும்.

இரண்டு வருடம் கழிந்து விடுமுறையில் அவர்கள் ஊர் திரும்பும்போது வேடிக்கை ஒன்று நிகழும். நாம் ஓட்டும் ஜப்பானியக் கார்களில் திருப்பச் சைகை காட்டும் பிடி சுக்கானின் வலப்புறத்தே உளது. இடப்புறத்தது மழைத் துடைப்பான். அரபு நாட்டு வண்டிகளில் இது மாறியிருக்கும். ஆகவே சித்திரை வெய்யில் சுடுகையிலே, கண்ணாடித் துடைப்பான் கிறீச்சிட்டு ஆட, ஒரு கார் சந்தியிலே திரும்புமாயின், அதனுள் இருப்பவர் விடுமுறையில் வந்தவரென்று எமதூர்ச் சிறுவரும் அறிவர். "மழை பெய்யுதா காக்கா?" என்று கூவுவர். சிரிக்கத்தக்கதே. எனினும் துடைப்பான் ஆடும்போது சைகை விளக்கு எரியவில்லை என்பதையும், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரன் அதனை அறியான் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

எழுதப்பட்ட விதிகள் எளியன. 1951ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழான பிரமாணங்களும் சொல்வன இவை. கார்கள் ஊர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றருக்கும், ஊருக்கு வெளியே 70க்கும், அதிவேகப் பாதையில் 100க்கும் மேற்படலாகாது. முச்சக்கர வண்டிக்கு எங்கும் 40. முன் ஆசனத்தார் 2011 முதல் பட்டி அணிதல் கட்டாயம். கையில் தொலைபேசி பிடித்தல் குற்றம். சுற்றுவட்டத்தில் மணிக்கூட்டு முள் செல்லும் திசையிற் சென்று, வலப்புறமிருந்து வருபவர்க்கு வழிவிடுக. மஞ்சட் கடவையில், அது இப்போது பல இடங்களில் வெள்ளையாகிவிட்ட போதிலும் நாம் மஞ்சட் கடவை என்றே சொல்லுகின்றோம், பாதசாரிக்கு நின்று வழிவிடுக. ஊர்ப்புறத்தில் 50 என்பதை எமது கரைக்கு வருவோர் நன்கு மனத்திற் கொள்க. மருதமுனையிலிருந்து காரைதீவுவரை ஊர்ப்புறமே அன்றி வெளி என்பது இல்லை. வீதி அகன்றும் நேராகவும் இருப்பதைக் கண்டு மயங்கி, ஏதோ நெடுஞ்சாலையில் நிற்பதாக எண்ணி விரைவோர் உளர்.

எழுதப்படாத விதிகளே கடினமானவை. எதிரே வரும் பஸ் முன்விளக்கை இருமுறை மின்னச் செய்தால் அதன் பொருள் என்ன? இங்கிலாந்திலிருந்து வருபவர், அங்குச் சட்டப்புத்தகம் வேறு சொன்னாலும், "நீர் முன்னே செல்லலாம்" எனக் கொள்ளும் வழக்கத்தில் ஊறியவர். நம் நாட்டிற் பொருள் நேர்மாறு: "நான் வருகின்றேன், நீர் நில்லும்." இந்த ஒரு சைகையைத் தவறாகப் பொருள்கொண்டு ஒடுங்கிய பாலங்களில் முட்டிக்கொண்டவர் உளர். ஹோன் ஒலிப்பதும் அவ்வாறே. மேலைநாட்டில் அது வசை; இங்கே அது பெரும்பாலும், "உம் பக்கத்தே வருகின்றேன், திடுக்கிடாதீர்" எனும் உபசாரம். கோபித்துத் திரும்பிப் பார்க்கவேண்டாம்.

காலமறிந்து வருதலும் வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகச் செல்வோரும் முடிந்து கலைவோரும் கல்முனைக்குடி முதல் அக்கரைப்பற்றுவரை பள்ளிவாசல்களின் முன் வீதியை நிறைப்பர். அந்த ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திக் கடையில் மோர் குடிப்பதே புத்தி. நோன்பு மாதத்தில் பகல் வெறிச்சோடி, இராக்காலத்தில் தறாவீஹ் தொழுகைக்குப் பின் சிறுவர் முதற்கொண்டு எல்லோரும் வீதியில் இருப்பர். நோன்பு திறப்பதற்கு முந்திய அரைமணி நேரம், பசித்தவர்கள் வீடு நோக்கி விரையும் நேரம். அப்போது வழி விட்டு ஒதுங்குங்கள். ஆனி ஆடி மாதங்களிலோ கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் வடக்கிலிருந்து இக்கரை வழியே திருக்கோவில், பொத்துவில், உகந்தை நோக்கி நடப்பர். வெய்யிலுக்கு அஞ்சி இருள் பிரியுமுன்னே புறப்படுவோர் பலர். தலையிலே மூட்டை, கையிலே வேல், முதுகிலே ஒளிகாட்டும் பட்டி எதுவும் இல்லை. பிறநாட்டு வீதிகளில் விடியற்காலையில் இத்தனை மனிதர் நடப்பதைக் கண்டறியாத கண்ணுக்கு, அவர்கள் மிக அண்மையிற்றான் புலப்படுவர்.

அறுவடைக் காலத்தில், மாசி பங்குனியிலும் மறுபடியும் ஆவணியிலும், உழவர் நெல்லைத் தார்வீதியின் ஓரத்திலே பரப்பிக் காயவைப்பர். சட்டம் என்ன சொன்னாலும் வெய்யிலும் தாரும் சேர்ந்த அந்தக் களத்தை அவர்கள் விடமாட்டார். பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகள் அந்தியில் வயலிலிருந்து வீதிக்கு ஏறும். மாலை ஆறு மணிக்கு மேல் எமது கரையில் வண்டியோட்ட வேண்டாமென்று புதியவர்க்கு யாம் சொல்வதற்கு இதுவே முதற் காரணம். இரண்டாவது காரணம் பெரியது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வரும் ஏ-4 பெருந்தெரு, சியம்பலாண்டுவவைக் கடந்து பொத்துவில் சேருமுன் லாகுகலைக் காட்டின் ஊடே செல்கின்றது. 1980 முதல் தேசிய வனமாகிய அவ்விடத்தில் வீதியின் உரிமை யானைக்கே. ஹோன் ஒலித்து விரட்டுவதும், இறங்கிப் படம்பிடிப்பதும் செய்யாது, தூரத்தே நிறுத்திக் காத்திருங்கள். விமானத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவர் இறங்கியவுடனே சுக்கானைப் பிடித்து எட்டு மணி நேரம் ஓட்டி, அந்திவேளையில் லாகுகலையை அடைதல் என்பது யாம் அறிந்த பயணத் திட்டங்களில் மிகக் கெட்டது. ஆயினும் கடிதம் எழுதிய அன்பர்களிற் பாதிப்பேரின் திட்டம் அதுவே!

அறுகம்பைக்கு அலைச்சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். தலைக்கவசமின்றி, சட்டையுமின்றி, வாடகை மோட்டார் சைக்கிளின் பக்கத்தே பலகையைக் கட்டிக்கொண்டு செல்வோரைப் பார்த்து, நம் அன்பர்கள் "அவர்கள் செய்வதை நாம் செய்தாலென்ன?" என்பர். அவர்களும் அதே பத்திரத்துக்கும் அதே தலைக்கவசத்துக்கும் கட்டுப்பட்டவரே. முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்து நாடு சுற்றுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அதற்கும் உரிய அனுமதி வேறு, காரோட்டும் அனுமதி வேறு. கேட்டுத் தெளிக.

எம்மைக் கேட்டால், முதல் மூன்று நாட்கள் ஓட்டவே வேண்டாம் என்போம். சாரதியோடு வண்டி அமர்த்தி, அவர் அருகே முன்னாசனத்தில் அமர்ந்து, கண்ணைப் பழக்குங்கள். அதன்பின் ஓட்டுவதாயினும் விடியற்காலையில் தனியே புறப்படவேண்டாம். அருகே ஒருவர் இருக்கட்டும். மனைவியாயின் மிக நன்று, அவர் வாய் திறக்கத் தயங்கமாட்டார்.

எமது அயலவர் ஒருவர் தம்மாமில் பன்னிரண்டு வருடமாக லொறி ஓட்டுகின்றார். ஆண்டுதோறும் நாற்பது நாள் விடுமுறையில் நிந்தவூரிலுள்ள தம் மனைவி மக்களிடம் வருவார். வந்த அன்றே செய்யும் முதல் வேலை, பாடசாலைக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "இடம்" என்று மகளைக் கொண்டு பெரிய எழுத்தில் எழுதுவித்து, தம் சிறிய வானின் சுக்கானுக்கு நேர் முன்னே ஒட்டுவது. இரண்டு கிழமை சென்றபின், "இனிப் பழகிட்டுத்தானே, கழட்டுங்களன், பாக்கிற ஆக்கள் சிரிக்கிறாங்க" என்று வீட்டில் சொல்வார்களாம். விமானமேறும் நாள்வரை அவர் கழற்றுவதில்லை. அன்று அதனைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். தம்மாமில் இறங்கியதும் அதன் மறுபுறத்தில் அரபியில் "யமீன்" என்று எழுதி, லொறிக் கண்ணாடியில் ஒட்டுவார்.